ஹட்டனில் காணாமல் போகும் நிருபர்: த்ரில்லர் நாவலுக்கு யோசனை தேவை

டிக்கோயாப் பேனா எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ஒரு த்ரில்லர் நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன், பாதி வந்துவிட்டது. கதை சுருக்கமாக இதுதான். இலங்கை மலையகத்துத் தேயிலை ஊரான ஹட்டனிலிருந்து ஒரு தமிழ்ப் பத்திரிகைக்குச் செய்தி அனுப்பும் பெண் நிருபர் ஒருத்தி. அதே பத்திரிகைக்குப் பொகவந்தலாவையிலிருந்து எழுதும் சக நிருபர், ஒரு பெப்ரவரி இரவில் ஹட்டன் டவுனில் கொத்து ரொட்டி சாப்பிட்டுவிட்டுக் கடையை விட்டு இறங்குகிறார். அதற்குப் பிறகு ஆளைக் காணவில்லை. தோட்டத்து ஓடைக்கரைகளில் இரவில் திருட்டுத்தனமாக மாணிக்கக்கல் தோண்டுவதைப் பற்றி அவர் விசாரித்துக்கொண்டிருந்தார். இவள் தேடத் தொடங்குகிறாள்.

இப்போதைய வடிவத்தில் பனிமூட்டம் இருக்கிறது, ஆள் கடத்தலுக்குப் பேர்போன வெள்ளை வான் இருக்கிறது, எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வாய் திறக்காத ஒரு கிழவர் இருக்கிறார். வாசித்த நண்பன் சொன்னது: "நல்லாத்தான் இருக்கு, ஆனா இதை ஊட்டியில வச்சாலும் நடக்குமே." அதற்குப் பிறகு ஒரு பக்கமும் ஓடவில்லை. மலையகத்தில் மட்டுமே நடக்கக்கூடிய கதையாக இது மாற என்ன செய்யலாம்? தோட்டத்திலோ பத்திரிகையிலோ வேலை பார்த்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

வெள்ளவத்தை வாசகன் எழுதியது:

சிம்பிள். முதல் அத்தியாயத்திலேயே காசல்ரீ நீர்த்தேக்கத்தில் ஒரு பிணம் மிதக்கட்டும். யாருடையது என்று சொல்லாமலே ஐம்பது பக்கம் ஓட்டலாம்.

ரோதைமுனி எழுதியது:

பிணத்தை விடுங்கள் தம்பி. காணாமல் போனவர் பத்திரிகையின் ஆள்தானா, அதை முதலில் கேளுங்கள்.

நான் பல வருடம் பிராந்திய நிருபராக இருந்தவன். எங்களில் அநேகம் பேருக்கு நியமனக் கடிதம் கிடையாது. பிரசுரமான செய்திக்குக் காசு, படத்துக்குத் தனிக் காசு. அடையாள அட்டையை வருடா வருடம் புதுப்பித்துத் தருவார்கள், சில வருடம் மறந்தும் போவார்கள். அதனால் ஒவ்வொருவருக்கும் இன்னொரு பிழைப்பு இருக்கும். ஒருவர் வாத்தியார், ஒருவர் ஸ்டூடியோ வைத்திருப்பார், ஒருவர் இன்சூரன்ஸ் பிடிப்பார். 2007 பெப்ரவரியில் யாழ்ப்பாணத்து வடமராட்சியில் காணாமல் போன சுப்பிரமணியம் இராமச்சந்திரனும் பிராந்திய நிருபர்தான், டியூட்டரி (டியூஷன் வகுப்பு) நடத்தியவர்.

இது உங்கள் கதைக்கு இரண்டு வழியில் உதவும். ஒன்று, கொழும்பு ஆசிரியபீடத்துக்கு இவள் போன் எடுத்தால் "அவர் எங்கள் ஊழியர் இல்லை, சுயாதீனமாக எழுதுபவர்" என்று பதில் வரும். நாளைக்கு இவள் காணாமல் போனாலும் இதே பதில்தான் என்று அவளுக்கு அந்த இடத்தில் உறைக்கும். இரண்டு, பிழைப்பு இரண்டு என்றால் பகையும் இரண்டு பக்கம். செய்தியால் போனாரா, இன்சூரன்ஸ் காசு விவகாரத்தில் போனாரா என்று பொலிஸ் தலையைச் சொறியலாம். சொறிய விரும்பினால் சொறிந்துகொண்டே இருக்கலாம்.

அப்புறம், தோட்டத்துக்குள் அவள் எப்படி நுழைகிறாள்? 1920களில் தொழிற்சங்கத் தலைவர் நடேச ஐயர் புடவை வியாபாரி வேஷத்தில்தான் லயங்களுக்குள் (தொழிலாளர் வரிசை வீடுகளுக்குள்) போனார். தோட்டத்தை நடத்திய துரைமார் வெளியாளை உள்ளே விடமாட்டார்கள். அவரும் பத்திரிகைக்காரர், 'தேசபக்தன்' நடத்தியவர். இப்போது அவ்வளவு கெடுபிடி இல்லை, ஆனாலும் கேமராவோடு ஒருவர் இறங்கினால் பத்து நிமிடத்தில் ஒபிசுக்குத் தகவல் போய்விடும்.

பிரட்டுக்களம் எழுதியது:

ரோதைமுனி அண்ணே சொன்னது சரி. நான் தோட்டத்து ஒபிசில் கிளாக்கராக இருந்து ரிட்டயர் ஆனவன். எனக்கு இடறுவது அந்தக் கிழவர்.

லயத்தில் ஒரே ஒருவர் மட்டும் பார்த்த சம்பவம் என்று ஒன்று கிடையாது. ஒரு காம்பராவில் (அறையில்) தீப்பெட்டி உரசினால் அடுத்த காம்பராவில் கேட்கும். இரவில் ஒரு வாகனம் ரோட்டில் நின்றால் முதலில் நாய், அப்புறம் மேல் லயம், அப்புறம் கீழ் லயம். காலையில் வேலை பிரித்துக்கொடுக்கும் பிரட்டுக்குப் பெயர் கொடுக்கும்போது மேற்பார்வை பார்க்கும் கங்காணிக்கும் தெரிந்திருக்கும், கணக்கப்பிள்ளைக்கும் தெரிந்திருக்கும். ஆகவே உங்கள் கதையில் "யார் பார்த்தது?" என்ற கேள்விக்கே வேலை இல்லை. எல்லாரும் பார்த்தார்கள். சொன்னால் யாருக்கு என்ன போகும் என்பதுதான் கதை.

என்ன போகும்? வீடு போகும். 1992இல் அரச தோட்டங்களைத் தனியார் கம்பனிகளிடம் கொடுத்தார்கள். லயத்துக் காம்பராவில் நாலு தலைமுறை இருந்தாலும் அநேகரிடம் காணி உறுதிப் பத்திரம் கிடையாது. வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் பெயர் பதிந்திருந்தால்தான் நிம்மதி. ஏழு பேர்ச் காணி, தனி வீடு என்ற பேச்சு நடக்கிறது, கிடைத்தவர்களும் இருக்கிறார்கள், ஆனால் லயம் இன்னும் லயமாகத்தான் இருக்கிறது. வாய் திறந்தால் தோட்டத்தில் பகை, பகை வந்தால் கூரைத் தகரத்துக்குக்கூட ஒபிஸ் வாசலில் நிற்க வேண்டும்.

இன்னொன்று இதைவிடக் கஷ்டமானது. இரவில் கல் தோண்டுவது யார்? காசு போடும் முதலாளி வெளியூர்க்காரராக இருக்கலாம். குழிக்குள் இறங்குகிறவன் தோட்டத்துப் பையன்தான். முன்பு கொழும்பில் கடையில் நின்றவன், கொரோனாவுக்குப் பிறகு ஊரோடு வந்துவிட்டவன். ஒரு நல்ல இரவுக்கு அவனுக்குக் கிடைக்கிற காசைக் கொழுந்து எடுத்து அவன் அம்மா பல நாளில்தான் பார்ப்பாள். அந்த லயத்தில் எந்தக் காம்பராவைத் தட்டினாலும் ஒரு குழிக்காரன் இருப்பான். உங்கள் நிருபர் போய் "பார்த்தீர்களா?" என்று கேட்டால், "என் மகனைக் காட்டிக் கொடுக்கவா?" என்றுதான் அந்த அம்மாவின் காதில் விழும்.

வெள்ளவத்தை வாசகன் எழுதியது:

எல்லாம் சரி, ஆனால் இது த்ரில்லரா, தொண்டு நிறுவன அறிக்கையா? உறுதி, காணி, சம்பளம் என்று போனால் முப்பதாம் பக்கத்தில் நான் தூங்கிவிடுவேன்.

பிரட்டுக்களம் எழுதியது:

தம்பி, உங்களை விழித்திருக்க வைக்க ஒன்று சொல்கிறேன். செக்ரோல் என்று ஒரு புத்தகம் இருக்கிறது. யார் எந்த நாள் எந்த வேலைக்குப் போனார், முழுப் பேரா அரைப் பேரா (பேர் என்றால் ஒரு நாள் வேலைக் கணக்கு) என்று அதில் இருக்கும். காணாமல் போன இரவுக்கு மறுநாள், இரவுக் காவல் பார்த்த வாட்சருக்கு வேறு டிவிஷனில் பகல் பேர் விழுந்திருக்கிறது என்று வையுங்கள். ஒன்று, அவர் இரவில் காவலில் இல்லை. இல்லாவிட்டால் யாரோ அவருக்குச் சும்மா ஒரு பேர் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். எதற்கு? துப்பாக்கி வேண்டாம், ஒரு பேனா அடையாளம் போதும். அந்தப் பக்கத்தை போனில் படம் பிடித்து அனுப்புகிற கிளாக்கரை நினைத்துப் பாருங்கள், கை நடுங்குமா நடுங்காதா?

கறுப்புக் கோட் எழுதியது:

கதை எந்த வருடம் நடக்கிறது என்று டிக்கோயாப் பேனா சொல்லவில்லை. அதைத் தீர்மானிக்காமல் ஒரு பக்கமும் எழுத முடியாது.

2009, 2010 என்றால் சூழல் வேறு. 2009 ஜனவரி 8 பத்திரிகை ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க கொல்லப்பட்டார். 2010 ஜனவரி 24, ஜனாதிபதித் தேர்தலுக்கு இரண்டு நாள் முன்னால், பத்திரிகையாளர் பிரகீத் எக்னெலிகொட காணாமல் போனார். அந்தக் காலத்தில் உங்கள் நாயகிக்குத் தகவலறியும் சட்டம் கிடையாது, காணாமல் போனோர் பற்றிய அலுவலகம் கிடையாது. முக்கியமான வழி ஆட்கொணர்வு மனுதான். பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்திருந்தால் நீதவான் முன் கொண்டுவர 72 மணிநேரம் அவகாசம், தடுப்புக் காவல் உத்தரவு வாங்கிவிட்டால் மாதக்கணக்கு.

2017க்குப் பிறகு என்றால் கையில் சில கருவிகள் உண்டு. தகவலறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 நடைமுறைக்கு வந்தது. தோட்டக் கம்பனியிடம் நேரடியாகக் கேட்பது கஷ்டம். ஆனால் கல் தோண்ட யார் யாருக்கு அனுமதிப்பத்திரம் கொடுத்திருக்கிறது என்று தேசிய மாணிக்கக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையிடம் கேட்கலாம். சாதாரணமாக 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று பதில் சொல்ல வேண்டும். கேட்பவரின் உயிரோ சுதந்திரமோ சம்பந்தப்பட்டது என்றால் 48 மணிநேரம். கவனியுங்கள், கேட்பவரின் உயிர். சக நிருபரின் உயிர் என்று எழுதினால் 14 நாள் கணக்குக்குள் போய்விடும். 48 மணிநேரத்தில் பதில் வேண்டுமென்றால் "என் உயிருக்கு ஆபத்து" என்று அவளே கையெழுத்திட்டு ஓர் அரச அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். அந்தக் கடிதம் யார் யார் மேசையைக் கடந்து போகும் என்று நீங்களே கற்பனை செய்துகொள்ளுங்கள்.

ஆட்கொணர்வு மனுவுக்குக் கொழும்புக்கே ஓட வேண்டும் என்றில்லை, மாகாண மேல் நீதிமன்றத்திலும் போடலாம். ஆனால் யார் பிடித்தார் என்று காட்ட ஏதாவது வேண்டும். வாகன இலக்கம், சீருடை, ஒரு சாட்சி. பிரட்டுக்களம் ஐயா சொன்ன லயம் அங்கேதான் வந்து மோதுகிறது. பார்த்தவர்கள் நூறு பேர், சத்தியக்கடதாசியில் கையெழுத்து வைக்க ஒருவர் இல்லை.

போன் பதிவுகளை நாயகி சும்மா வாங்கிவிட முடியாது. பொலிஸ் நீதவானிடம் அறிக்கை போட்டு உத்தரவு வாங்கி எடுக்க வேண்டும். சினிமாவில் வருகிற "என் பிரெண்ட் டெலிகொம்ல இருக்கான்" வசனத்தைத் தயவுசெய்து தவிருங்கள்.

டிக்கோயாப் பேனா எழுதியது:

கறுப்புக் கோட் சேர், அந்த 48 மணிநேரத்துக்காகவே கதையை 2017க்குப் பின்னால் நகர்த்துகிறேன். பிரட்டுக்களம் ஐயா, கிழவரை எடுத்துவிட்டேன். அவருடைய இடத்தில் கிளாக்கர் வருகிறார்.

வெள்ளை வானை வைக்கலாமா வேண்டாமா?

ஊவாக்காற்று எழுதியது:

பண்டாரவளைப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். வானுக்கு முன்னால் பனிமூட்டத்தைப் பேசலாமா?

நீங்கள் சொல்வது பெப்ரவரி. ஹட்டன், மஸ்கெலியா பக்கம் மழையும் மூட்டமும் அடைத்துக்கொள்வது மே முதல் செப்டெம்பர் வரை, தென்மேல் பருவத்தில். ஜனவரியிலிருந்து மார்ச் வரை அங்கே வானம் துடைத்துவிட்டது மாதிரி இருக்கும், இரவில் குளிர் எலும்பைத் தொடும், உங்கள் பக்கத்துத் தேயிலைக்கு நல்ல மணம் வருவதும் அப்போதுதான். எங்கள் ஊவாவில் கணக்கே வேறு, நவம்பர், டிசம்பரில் மழை, ஜூலைக்குப் பிறகு காய்ந்த காற்று. பெப்ரவரியில் ஹட்டனில் பனிக்குள் ஆள் மறைகிறார் என்று எழுதினால் டிக்கோயாக்காரர்களே சிரிப்பார்கள். நிலா வெளிச்சத்தில் மறையட்டும், அதுதான் பயம்.

பெப்ரவரியை மாற்றிவிடாதீர்கள். அது சிவனொளிபாதமலை யாத்திரை சீசன். டிசம்பர் போயாவில் (பௌர்ணமியில்) தொடங்கி மே மாத வெசாக் வரை. ஹட்டன் டவுன் இரவு முழுக்கத் தூங்காது. ரயிலில் வந்து இறங்குகிறவர்கள், மலையடிவாரத்து நல்லதண்ணிக்கு பஸ், நாடெங்குமிருந்து வருகிற வான்கள். வெள்ளை வான் வேண்டுமா என்று கேட்டீர்கள். சீசனில் ஹட்டனில் எத்தனை வெள்ளை வான் நிற்கும்! வேறு மாதத்தில் வெளியூர் வான் ஒன்று நின்றால் ஆட்டோக்காரர் முதற்கொண்டு நம்பரைப் பார்ப்பார்கள். பெப்ரவரியில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். கடத்துகிறவனுக்கு இதைவிட நல்ல மாதம் கிடைக்காது.

ஒரு பெண்ணாக இன்னொன்றும் சொல்கிறேன். உங்கள் நாயகி இரவு ஒன்பது மணிக்கு மேல் தனியாக ரோட்டில் திரிகிறாள் போலத் தெரிகிறது. அவளுக்கு வீடு இல்லையா, அம்மா இல்லையா? பொலிஸில் முறைப்பாடு கொடுக்கப் போனாலே "நீங்க அவருக்கு என்ன முறை?" என்றுதான் கேட்பார்கள். சக நிருபர் என்ற பதில் யாருக்கும் போதாது. ஊரில் கதை கட்டிவிடுவார்கள். அவளைத் தடுக்க வில்லனே வேண்டாம், அந்தப் பேச்சு போதும். ஆனால் கொழுந்து மலையில் பெண்கள் கூட்டத்தோடு பத்து மணித் தேத்தண்ணி நேரத்தில் உட்கார அவளால் முடியும், அவரால் முடிந்திருக்காது. அவருக்குக் கிடைக்காத தகவல் இவளுக்குக் கிடைப்பது அங்கேதான்.

ரோதைமுனி எழுதியது:

தங்கச்சி சொன்ன "கதை கட்டிவிடுவார்கள்" என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆள் காணாமல் போனால் ஒரு கிழமைக்குள் மூன்று கதை ஓடும். கடன் தொல்லை, பொம்பளை விவகாரம், கட்டாருக்குப் போய்விட்டான். மூன்றும் ஒரே கடையிலிருந்து கிளம்பியதா என்று அவள் பின்னோக்கிப் போய்ப் பார்க்கட்டும், துப்பு துலக்குவது என்றால் இதுதான்.

இது சின்ன ஊர்ப் பழக்கம் என்று நினைக்காதீர்கள். எக்னெலிகொட விஷயத்தில் 2011 நவம்பரில் ஜெனீவாவில் ஐநா குழு முன்னால் அரச தரப்பே அவர் வெளிநாட்டில் தஞ்சமடைந்திருக்கிறார் என்று சொன்னது. அடுத்த வருடம் நீதிமன்றத்தில் கேட்டபோது அதற்கு ஆதாரம் எதுவும் வெளியே வரவில்லை. அவருடைய மனைவி சந்தியா இரண்டு பிள்ளைகளோடு நீதிமன்றம் நீதிமன்றமாக அலைந்துகொண்டிருந்தார்.

நிர்வாகி எழுதியது:

இழை நன்றாகப் போகிறது. ஒரு வேண்டுகோள்: பொதுவெளியில் பதிவான சம்பவங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உங்கள் ஊரில் கல் தோண்டுகிறவர், தோட்டத்தின் பெயர், பொலிஸ்காரர் பெயர் எதுவும் இங்கே வேண்டாம். இதுவரை இரண்டு பதிவுகளை எடுக்க வேண்டி வந்தது.

வெள்ளவத்தை வாசகன் எழுதியது:

சீசன் வான் ஐடியாவுக்கு என் வாக்கு. நோர்வூட்டில் பாதை பிரியும் அல்லவா, ஒன்று மஸ்கெலியாவுக்கு, மற்றது பொகவந்தலாவைக்கு. யாத்திரை வான் எல்லாம் மலைக்குப் போக, ஒரு வான் மட்டும் பொகவந்தலாவைப் பக்கம் திரும்புகிறது. அதை ஒரு தேத்தண்ணிக்கடைக்காரர் கவனிக்கிறார். இதுதான் துப்பு. எப்படி?

பிரட்டுக்களம் எழுதியது:

நல்ல துப்பு, ஆனால் ஓட்டை இருக்கிறது. பொகவந்தலாவையிலிருந்து பலாங்கொடைக்குப் பாதை உண்டு. மலைக்குப் போய்த் திரும்புகிற சனம் அந்த வழியாகவும் போகும். நீதிமன்றத்தில் கறுப்புக் கோட் ஐயா ஒரே கேள்வியில் கடைக்காரரை உட்கார வைத்துவிடுவார்.

கறுப்புக் கோட் எழுதியது:

உட்கார வைப்பேன். அதனால்தான் அந்தத் துப்பை வைத்துக்கொள்ளுங்கள் என்கிறேன். நாயகிக்கு நிச்சயமாகத் தெரிகிறது, வழக்குக்குப் போதவில்லை. இந்த நாட்டில் இப்படிப்பட்ட கோப்புகள் அநேகம் அந்த இடத்தில்தான் நிற்கின்றன.

டிக்கோயாப் பேனா எழுதியது:

முடிவைப் பற்றிக் கேட்கிறேன். மவுசாக்கலை நீர்த்தேக்கத்தில் நீர் இறங்கும்போது அதில் மூழ்கிய பழைய மஸ்கெலியாவின் கோயில் தெரியும் அல்லவா, அங்கே அவருடைய கேமராப் பை கிடைக்கிறது என்று வைத்திருந்தேன். மாதமும் பொருந்துகிறது, மார்ச், ஏப்ரலில்தான் நீர் இறங்கும்.

ரோதைமுனி எழுதியது:

மூழ்கிய கோயில் யாருக்கும் முதலில் தோன்றுவது. பேஸ்புக்கில் ஒவ்வொரு வருடமும் படம் போடுகிறார்கள், சனம் கும்பலாகப் போய் செல்பி எடுக்கிறது. கேமராப் பை கிடந்தால் உங்கள் நாயகிக்கு முன்னால் ஒரு சின்னப் பையன் எடுத்துக்கொண்டு போய்விடுவான்.

வெள்ளவத்தை வாசகன் எழுதியது:

அதுவே நல்ல திருப்பம்தானே அண்ணே! பையன் கேமராவை ஹட்டனில் விற்கிறான், ஸ்டூடியோக்காரர் வாங்குகிறார், மெமரி கார்ட் உள்ளே.

ரோதைமுனி எழுதியது:

சரி, இது வேண்டுமானால் நடக்கும்.

ஊவாக்காற்று எழுதியது:

ஆளைக் கண்டுபிடிக்காதீர்கள் என்று கேட்கத்தான் வந்தேன். கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 அக்டோபர் 29 காலை மண்சரிவில் மலை இறங்கியபோது லயங்கள் அப்படியே மண்ணுக்குள் போயின. பலருடைய உடல் கடைசிவரை கிடைக்கவில்லை. எங்கள் உறவினர் ஒருவரும் அதில். இறந்தார் என்று எல்லாருக்கும் தெரிந்தும், கடைசிக் காரியம் செய்ய உடல் இல்லாமல் நிற்பது எப்படி என்று பார்த்திருக்கிறேன். கடத்தப்பட்டவர் வீட்டில் இறந்தார் என்ற நிச்சயம்கூட இல்லை. அந்த அம்மா திதி கொடுப்பாரா, மாட்டாரா? காணாமல் போனோர் அலுவலகத்தில் பதிந்தால் காணாமற்போனமைக்கான சான்றிதழ் ஒன்று வாங்கலாம். வங்கிக் கணக்கு, காணி அலுவல்களுக்கு உதவும். அதை வாங்கக் கையெழுத்து வைக்கலாமா என்று அம்மாவும் மனைவியும் சண்டை பிடிக்கிற ஓர் அத்தியாயத்தை நான் வாசிப்பேன்.

வெள்ளவத்தை வாசகன் எழுதியது:

அக்கா, மன்னிக்க வேண்டும், அது உருக்கமாக இருக்கும். ஆனால் முந்நூறு பக்கம் வாசித்தவனுக்கு யார் செய்தது என்றாவது தெரிய வேண்டாமா? காசு கொடுத்து வாங்குகிற புத்தகம்.

ஊவாக்காற்று எழுதியது:

யார் செய்தது என்று தெரியட்டும் தம்பி. எங்கே என்பது மட்டும் தெரிய வேண்டாம்.

டிக்கோயாப் பேனா எழுதியது:

இரண்டும் ஒத்துப்போகும் போலிருக்கிறது. முதலாளி யார் என்று மெமரி கார்டிலும் செக்ரோலிலும் இருந்து தெரிந்துவிடுகிறது. பத்திரிகை அதைப் போடுமா என்பது அடுத்த சிக்கல், கொழும்பில் விளம்பரம் தருகிறவர் அவருடைய மச்சான் என்று வைத்திருக்கிறேன். அவள் எழுதிய செய்தி நாலு வரியாகக் குறுகி ஏழாம் பக்கத்தில் வருகிறது. ரோதைமுனி அண்ணே, இது நடக்குமா?

ரோதைமுனி எழுதியது:

நாலு வரி வந்தாலே ஆசிரியர் நல்ல மனுஷன்.

தபாலையும் மறந்துவிடாதீர்கள். தோட்டத்து லயத்துக்கு வீட்டு இலக்கம் பெரும்பாலும் கிடையாது, எல்லாக் கடிதமும் தோட்டத்து ஒபிசுக்கு வந்துதான் பிரியும். காணாமல் போவதற்கு முதல் நாள் அவர் தன் அம்மா முகவரிக்கு ஒரு பதிவுத் தபால் அனுப்பியிருந்தால் அது ஒபிசில் யார் கையில் கிடக்கும்? பிரட்டுக்களம் தம்பிதான் சொல்ல வேண்டும்.

பிரட்டுக்களம் எழுதியது:

பதிவுத் தபால் என்றால் கையெழுத்துப் புத்தகம் இருக்கும். சாதாரணக் கடிதம் மேசையில் குவிந்து கிடக்கும், அந்தப் பக்கம் போகிற பள்ளிப் பிள்ளையிடம் கொடுத்துவிடுவோம். நேர்முகப் பரீட்சைக் கடிதம் தேதி முடிந்த பிறகு கைக்குப் போன கதைகள் எத்தனையோ. ஆகவே அவர் புத்திசாலி என்றால் பதிவுத் தபாலில் அனுப்ப மாட்டார். சாதாரண உறையில் போட்டு, பின்னால் ஏதாவது ஜோதிட நிலையத்தின் முகவரி எழுதி அனுப்புவார். யாரும் பிரித்துப் பார்க்க மாட்டார்கள். மேசையில் மூன்று மாதம் கிடக்கும், கதைக்கு அதுவும் வசதி.

பேனா தம்பி, செக்ரோல் பக்கம் எப்படி இருக்கும் என்று ஒரு வெற்றுத் தாளில் கோடு போட்டு, படம் எடுத்துத் தனிமடலில் அனுப்புகிறேன். அந்த அத்தியாயத்தை எழுதியதும் எனக்கு ஒருமுறை காட்டுங்கள். பேர் போடுகிற முறையில் பிழை விட்டால் எங்கள் ஆட்கள் மன்னிக்க மாட்டார்கள்.